அண்டார்டிக் ஐஸுக்குள் பாக்டீரியா இருந்தால் யூரோப்பாவிலும் இருக்குமா?

அண்டார்டிகாவில் நூற்றுக்கணக்கான மீட்டர் ஐஸுக்கு அடியில் பாக்டீரியா உயிரோடு இருப்பதைப் படித்துவிட்டு, “அப்படியானால் ஐஸ் மூடிய நிலவுகளான வியாழனின் யூரோப்பாவிலும் சனியின் என்செலடஸிலும் உயிர் இருந்துதானே ஆக வேண்டும், விஞ்ஞானிகள் ஏன் இன்னும் தயங்குகிறார்கள்?” என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த ஒரு கேள்விக்குள் மூன்று கேள்விகள் மடிந்து கிடக்கின்றன. ஐஸுக்குள் உயிர் எப்படித் தாக்குப்பிடிக்கிறது? பூமியில் முடிகிற காரியம் அங்கேயும் முடியுமா? முடியும் என்றால், இருக்கிறது என்றே சொல்லிவிடலாமா? முதலாவதற்கு விடை நன்றாகவே தெரியும். இரண்டாவதற்குப் பாதி தெரியும். தயக்கம் எல்லாம் மூன்றாவதில்தான்.

நான் படித்தது நுண்ணுயிரியல். முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டது குளிரில் வளரும் பாக்டீரியாக்கள். அதற்குப் பிறகும் பல வருடம் 4 டிகிரி குளிர் அறைக்குள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, பாக்டீரியா வளர்க்கும் பெட்ரி தட்டுகளை எண்ணியவன். கோள் அறிவியல் எனக்குத் தொழில் இல்லை. அந்தப் பக்கம் நான் சொல்வதை, அத்துறைக்காரர்களின் கட்டுரைகளைத் தொடர்ந்து படிக்கும் ஒருவன் சொல்வதாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐஸுக்குள் பாக்டீரியா வாழ்கிறது என்றதும், பிசினுக்குள் மாட்டிய பூச்சிபோல அது இறுகிக் கிடப்பதாக நினைத்துக்கொள்கிறோம். வளர்கிற பாக்டீரியா எதுவும் அப்படி இருப்பதில்லை. சின்ன வயதில் குச்சி ஐஸ் உறிஞ்சியிருப்பீர்கள். நாலு உறிஞ்சலில் நிறமும் தித்திப்பும் வாய்க்கு வந்துவிடும். கையில் வெளுத்துப்போன, சப்பென்ற ஐஸ் மிஞ்சும். தண்ணீர் உறையும்போது தன் படிகத்துக்குள் சர்க்கரையையோ உப்பையோ சேர்த்துக்கொள்ளாமல் வெளியே தள்ளிவிடுகிறது. தள்ளப்பட்டதெல்லாம் படிகங்களுக்கு நடுவே உள்ள சந்துகளில் பாகாகத் தேங்குகிறது. நீங்கள் உறிஞ்சி எடுத்தது அந்தப் பாகைத்தான். கடல் உறையும்போதும் இதே கதை. மைனஸ் 10 டிகிரியில் கடல் ஐஸின் சந்துகளில் இருக்கும் நீர், சாதாரணக் கடல்நீரைவிடச் சுமார் நாலு மடங்கு உப்பு. அந்த உப்பினால்தான் அது உறையாமல் இருக்கிறது. பாக்டீரியாவின் குடியிருப்பு அந்தச் சந்து. பனியாற்று ஐஸில் உப்பு மிகக் குறைவு, அதனால் அங்கே படிகங்கள் சந்திக்கும் விளிம்புகளில் மயிரிழையைவிட மெல்லிய நரம்புகளாக மட்டும் திரவம் ஓடும். அந்த நரம்புக்குள்ளும் பாக்டீரியாவுக்கு இடமும் இரையும் உண்டு என்று பெர்க்லியின் இயற்பியலாளர் பஃபர்ட் பிரைஸ் 2000-இல் கணக்குப் போட்டுக் காட்டினார்.

சரி, இடம் கிடைத்தது. குளிரை உடம்பு தாங்க வேண்டாமா? மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் சொட்டுகூட வராது. பக்கத்திலேயே இருக்கும் நல்லெண்ணெய் தாராளமாக ஊற்றும். வித்தியாசம் கொழுப்பமிலத்தின் வடிவத்தில் இருக்கிறது. தேங்காய் எண்ணெயில் இருப்பவை பெரும்பாலும் நேரான சங்கிலிகள், விறகு அடுக்கியதுபோல நெருங்கிப் படிந்து இறுகிவிடும். நல்லெண்ணெயில் இருப்பவை நடுவே வளைந்தவை, அடுக்க வராது. செல்லின் சவ்வும் கொழுப்பால் ஆனதுதான். குளிர்ப் பாக்டீரியா தன் சவ்வில் வளைந்த கொழுப்பமிலங்களைக் கூட்டி வைத்துக்கொள்கிறது. சவ்வு இறுகாமல் வழவழப்பாக இருக்கிறது. இதன் நொதிகளும் அப்படித்தான், சாதாரண நொதிகளைவிடத் தளர்வான கட்டுமானம். குளிரிலும் அசைந்து வேலை செய்யும், கொஞ்சம் சூடேறினால் குலைந்துபோகும். குளிர் அறையிலிருந்து எடுத்த தட்டை மேசையில் மறந்து வைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனால், திரும்பி வருவதற்குள் நம் ஊர் அறைச்சூடே சில இனங்களின் கதையை முடித்திருக்கும்.

இந்தத் துறையில் ஹைதராபாதிலுள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்துக்கு (சிசிஎம்பி) நல்ல பெயர் உண்டு. அண்டார்டிகாவில் இந்தியாவின் மைத்ரி ஆய்வு நிலையம் இருக்கும் ஷிர்மாச்சர் சோலையிலிருந்தும் இமயப் பனியாறுகளிலிருந்தும் சிசிஎம்பி நுண்ணுயிரியலாளர் சிவாஜியின் குழு பல புதிய இனங்களைப் பிரித்தெடுத்தது. அதே நிறுவனத்தில் எம்.கே. ரே குழு செய்த ஒரு சோதனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அண்டார்டிக் பாக்டீரியா ஒன்றில் டிஎன்ஏ-வைப் பழுதுபார்க்கும் ஒரு புரதத்தை முடக்கினார்கள். 22 டிகிரியில் அது பாட்டுக்கு வளர்ந்தது. 4 டிகிரியில் வளர முடியாமல் போனது. குளிரே டிஎன்ஏ-வை அறுக்கிறது, ஓயாத பராமரிப்பு வேண்டியிருக்கிறது என்பது அதிலிருந்து தெரிந்தது. குளிர் எதையும் கெடாமல் பத்திரமாக வைத்திருக்கும் என்ற நம் ஃபிரிட்ஜ் ஞானம் பாதிதான் சரி.

அப்புறம் வேகம். இட்லி மாவை ஃபிரிட்ஜில் வைத்தால் புளிப்பது நிற்பதில்லை, மெதுவாகிறது. அந்த மெதுவை இன்னும் நீட்டிப் பாருங்கள். நம் குடலில் இருக்கும் ஈ. கோலை நல்ல சூட்டில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். அலாஸ்காவின் வட கோடியில் கடல் ஐஸிலிருந்து எடுத்த சைக்ரோமோனாஸ் இன்கிரஹாமி என்ற பாக்டீரியா மைனஸ் 12 டிகிரியில் இரண்டாகப் பெருக 240 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது, அதாவது பத்து நாள். கனடாவின் வட துருவப் பகுதியில் நிரந்தரமாக உறைந்த மண்ணிலிருந்து கிடைத்த பிளானோகாக்கஸ் ஹாலோகிரையோஃபிலஸ் மைனஸ் 15-லும் வளர்ந்தது. மைனஸ் 25-இல் அது பெருகவில்லை, ஆனால் மூச்சு விட்டதை அளந்திருக்கிறார்கள். 2013-இல் வெளியான முடிவு இது.

மூச்சு விடுவதையும் வளர்வதையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பெருகுவதற்கு நிறைய ஆற்றல் வேண்டும். பெருகாமல் உடம்பைப் பராமரிக்க அதைவிட மிகக் குறைவாகப் போதும். உடைகிற டிஎன்ஏ-வை ஒட்டிக்கொண்டு வெறுமனே சாகாமல் கிடக்க இன்னும் குறைவு. பிரைஸும் டாட் சவர்ஸும் 2004-இல் இந்த மூன்று நிலைகளையும் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இடையே பல நூறு, பல ஆயிரம் மடங்கு வித்தியாசம் இருப்பதைக் காட்டினார்கள். ஐந்து லட்சம் ஆண்டு வரை பழைய உறைமண்ணில் மெல்லிய மூச்சும் டிஎன்ஏ பழுதுபார்ப்பும் நடந்ததற்கான அடையாளம் 2007-இல் வந்தது. முழுத் தூக்கம் போட்ட வித்துகளைவிட, மெதுவாக வேலை செய்துகொண்டிருந்தவையே அதிக காலம் தாங்கின என்பது அந்த ஆய்வின் முடிவு. பத்திரிகைகளில் ‘லட்சம் ஆண்டுக்குப் பின் கண் விழித்த பாக்டீரியா’ என்று வருவதில் பெரும்பாலானவை இந்த மூன்று நிலைகளையும் ஒரே அண்டாவில் போட்டுக் கிளறிய செய்திகள்.

ஆக குளிர் தடையில்லை, திரவ நீர் இருந்தால் போதும் என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் மாணவனாக இருந்தபோது அப்படித்தான் தோன்றியது. அண்டார்டிகாவின் வறண்ட பள்ளத்தாக்குகளில் டான் ஹுவான் குட்டை என்று ஒன்று உண்டு. 1961-இல் ஹெலிகாப்டரில் போனவர்கள் கண்டுபிடித்தது. கணுக்கால் அளவு ஆழம்தான். கால்சியம் குளோரைடு அவ்வளவு அடர்ந்து கிடப்பதால் மைனஸ் 50 டிகிரியிலும் உறையாது. கண்ணெதிரே திரவ நீர், ஆனாலும் அந்தக் குட்டை நீருக்குள் உயிர் வளர்கிறது என்பதற்கு நம்பும்படியான சான்று இல்லை. ஊறுகாய் ஏன் கெடுவதில்லையோ அதே காரணம்தான். ஜாடிக்குள் ஈரம் இருக்கிறது, அந்த ஈரத்தை உப்பு பிடித்து வைத்திருக்கிறது; கிருமிக்கு ஒரு சொட்டுகூட மிஞ்சுவதில்லை. செவ்வாயின் மண்ணில் பெர்குளோரேட் உப்பு இருப்பதை 2008-இல் ஃபீனிக்ஸ் விண்கலம் கண்டபோது, ‘மைனஸ் 60-இல்கூட உறையாத நீர் அங்கே இருக்கலாம்’ என்று எல்லோரும் துள்ளினார்கள். எனக்கு நினைவுக்கு வந்தது டான் ஹுவான் குட்டையும் ஊறுகாய் ஜாடியும்தான்.

நீர், வெப்பம் இரண்டையும்விட நான் பெரிதாக நினைப்பது சாப்பாடு. வெளிச்சம் புகாத இடத்தில் எதைத் தின்று வாழ்வது? இதற்கு மிக நல்ல விடை வில்லன்ஸ் ஏரியிலிருந்து வந்தது. மேற்கு அண்டார்டிகாவில் 800 மீட்டர் ஐஸுக்கு அடியில், சுமார் இரண்டு மீட்டர் ஆழமே உள்ள ஏரி அது. 2013 ஜனவரியில் அமெரிக்கக் குழு ஒன்று கொதிநீரைப் பீய்ச்சி ஐஸை உருக்கித் துளை போட்டு அதற்குள் இறங்கியது. ஒரு மில்லிலிட்டரில் ஏறத்தாழ 1,30,000 செல்கள், கிட்டத்தட்ட 4,000 வகை. இது வெறும் பாழ் இல்லை, ஒரு ஊர். அங்கே பலரும் அம்மோனியத்தை எரித்தும், பனியாறு அரைத்த பாறைமாவிலுள்ள இரும்பு, கந்தகச் சேர்மங்களை எரித்தும் பிழைக்கிறார்கள். பாறை நொறுங்கி நீரோடு சேரும்போது ஹைட்ரஜன் வருவதையும் ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். ஹைட்ரஜன் என்றால் நுண்ணுயிரிகளுக்குப் பிரியாணி.

அண்டார்டிகாவில் டெய்லர் பனியாற்றின் முகப்பில் இருக்கும் ரத்த அருவியும் இந்த ரகம்தான். 1911-இல் கிரிஃபித் டெய்லர் கண்டபோது செம்பாசி என்று நினைத்தார்கள். பிறகுதான் இரும்பு என்று தெரிந்தது. ஐஸுக்கு அடியில் பல லட்சம் ஆண்டு அடைபட்டுக் கிடக்கும் உப்புநீர் கசிந்து வெளியே காற்றைத் தொட்டதும் துருப்பிடித்துச் சிவக்கிறது. உள்ளே ஆக்சிஜன் இல்லாமல், சல்பேட்டையும் இரும்பையும் வைத்தே ஒரு நுண்ணுயிர்க் கூட்டம் காலம் தள்ளுகிறது என்று ஜில் மிக்குக்கி குழு 2009-இல் எழுதியது.

இங்கே ஒரு நுணுக்கத்தைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். வில்லன்ஸ் ஏரியின் அம்மோனியம் எங்கிருந்து வந்தது? அந்த இடம் ஒரு காலத்தில் கடலாக இருந்தது. அடியில் படிந்த பழைய கடல் சேற்றிலிருந்து வந்தது. அதை எரிக்கும் ஆக்சிஜன்? மேலே பனியோடு சேர்ந்து சிக்கிய காற்றுக் குமிழிகள், ஐஸ் அடியில் உருகும்போது விடுபடுகின்றன. அந்தக் காற்றில் ஆக்சிஜனைச் சேர்த்தது வெளியுலகின் செடியும் பாசியும். அதாவது இருட்டில் வாழ்கிற இந்த ஊருக்கும் சூரியனிடமிருந்து பழைய கணக்கில் பணம் வந்துகொண்டிருக்கிறது. யூரோப்பாவில் அந்தக் கணக்கே கிடையாது. அண்டார்டிகாவை அப்படியே தூக்கி வியாழன் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாது என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இது.

தயக்கத்துக்கு இரண்டாவது காரணம், நம்மிடமிருக்கும் கிருமியே மாதிரிக்குள் கலந்துவிடுவது. அதை என் சொந்தக் கதையிலிருந்து சொல்கிறேன். முனைவர் ஆய்வின் இரண்டாம் வருடம், இமயமலைப் பனியாறு ஒன்றிலிருந்து ஐஸ் உருளைகள் வந்திருந்தன. உருளையின் வெளிப்புறத்தை நம்ப முடியாது. துளைப்பான், கையுறை, பெட்டி எல்லாம் பட்ட இடம். அதனால் சிவப்பாக வளரும் செராஷியா என்ற பாக்டீரியாவை வெளிப்புறம் முழுக்கப் பூசிவிட்டு, கிருமிநீக்கிய பிளேடால் அடுக்கடுக்காகச் சுரண்டுவோம். உள் மையத்தை உருக்கித் தட்டில் பரப்பும்போது ஒரே ஒரு சிவப்புப் புள்ளி முளைத்தாலும் அந்த உருளை குப்பைக்குப் போகும். கூடவே, கிருமிநீக்கிய வெறும் தண்ணீரை உறைய வைத்து, அதையும் அதேபோலச் சுரண்டி, உருக்கி, பரப்பி ஒரு தட்டு. அதைக் காலித் தட்டு என்போம். அதில் எதுவும் வளரக் கூடாது. ஆறாவது வாரம் பனியாற்றுத் தட்டுகளில் அழகான மஞ்சள் புள்ளிகள். புது இனம் என்று மனதுக்குள் பெயர்கூட வைத்துவிட்டேன். பிறகு காலித் தட்டை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். விளிம்போரத்தில் கடுகில் பாதி அளவு ஒரு புள்ளி, அதே மஞ்சள். டிஎன்ஏ வரிசை இரண்டுக்கும் ஒன்றாகவே இருந்தது. எங்கள் ஆய்வகத்தின் வடிநீர்க் குழாய்க்குள் படிந்து வாழ்ந்த ஸ்பிங்கோமோனாஸ் அது. எட்டு மாத வேலை, கிருமிகளைச் சூட்டில் கொல்லும் ஆட்டோகிளேவுக்குள் போனது. அன்று மதியம் நான் யாரோடும் பேசவில்லை.

பெரிய ஆய்வுகளுக்கும் இதே கதிதான், கூட்டம் முன்னிலையில் நடக்கும் என்பதுதான் வித்தியாசம். வோஸ்டாக் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்கு அண்டார்டிகாவில் கிட்டத்தட்ட நாலு கிலோமீட்டர் ஐஸுக்கு அடியில், 250 கி.மீ. நீளத்துக்குப் படுத்திருக்கும் ஏரி. மேலே இருக்கும் ரஷ்ய நிலையத்தில்தான் 1983-இல் மைனஸ் 89.2 டிகிரி பதிவானது. துளை மூடிக்கொள்ளாமல் இருக்க உள்ளே மண்ணெண்ணெயும் ஃப்ரீயானும் ஊற்றித் துளைத்தார்கள். ஏரி நீர் உறைந்து மேலிருக்கும் ஐஸின் அடியில் ஒட்டிய பகுதியில் செல்கள் இருப்பதாக 1999-இல் இரண்டு குழுக்கள் எழுதின. அதே ஐஸைப் பின்னால் கடுமையான சுத்தத்தோடு சோதித்தவர்கள், கண்டதில் பெரும்பாலானவை துளைப்பு எண்ணெயோடும் மனிதர்களோடும் வந்தவை என்றார்கள். 2012 பிப்ரவரியில் துளை ஏரியைத் தொட்டது, நீர் துளைக்குள் ஏறி உறைந்தது. 2013-இல் ‘உலகில் எங்குமில்லாத பாக்டீரியா’ என்று செய்தி வந்தது. சில நாட்களிலேயே அதே நிறுவனத்துக்குள்ளிருந்து மறுப்பும் வந்தது. வோஸ்டாக் ஏரியில் உயிர் இருக்கலாம் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அந்தத் துளையிலிருந்து வந்த எதையும் வைத்து அப்படிச் சொல்ல மாட்டேன். வில்லன்ஸ் குழு இதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. துளைக்கும் நீரையே நுண்ணிய வடிகட்டி, புற ஊதாக் கதிர், கொதிசூடு எல்லாவற்றிலும் செலுத்தி, வழியெங்கும் செல்களை எண்ணிக்கொண்டே போனார்கள். அதனால்தான் அவர்களின் எண்ணிக்கையை நான் உறுதியானது என்கிறேன்.

செவ்வாயிலிருந்து வந்த விண்கல் விவகாரமும் அண்டார்டிக் ஐஸோடு பிணைந்ததுதான். ஆலன் ஹில்ஸ் பகுதியில் 1984 டிசம்பரில் பொறுக்கிய கல்லில் பழைய செவ்வாய் உயிரின் தடயம் இருப்பதாக 1996-இல் டேவிட் மெக்கே குழு அறிவித்தது. அமெரிக்க அதிபர் கிளின்டனே பேசினார். இரண்டே வருடத்தில், கல்லுக்குள் இருந்த அமினோ அமிலங்களும் பெரும்பாலான கரிமப் பொருளும் பூமியில் அதற்குள் ஊறியவை என்று வேறு இரண்டு குழுக்கள் காட்டின. மற்றத் தடயங்களுக்கும் உயிரில்லாத விளக்கங்கள் கிடைத்தன. நம் இஸ்ரோவின் அனுபவமும் உண்டு. 2005-இல் ஹைதராபாத்திலிருந்து பறக்கவிட்ட பலூன் 20 முதல் 41 கி.மீ. உயரம் வரையிலான காற்றைப் பிடித்து வந்தது. அதிலிருந்து மூன்று புதிய பாக்டீரியா இனங்கள் கிடைத்ததை 2009-இல் அறிவித்தார்கள். ஒன்றுக்கு இஸ்ரோ பெயரையே வைத்தார்கள். ‘விண்வெளிக் கிருமி’ என்று பத்திரிகைகள் கொண்டாடின, அறிவித்தவர்களோ வேற்றுலக உயிர் என்று முடிவுகட்டவில்லை. அவற்றின் மரபு வரிசை பூமியின் மண் பாக்டீரியாக்களோடு நெருங்கியிருக்கும்போது, கீழேயிருந்து மேலே போனவை என்பதுதான் எளிய விளக்கம்.

இனி நீங்கள் கேட்ட நிலவுகளுக்கு வருவோம். யூரோப்பாவில் ஐஸ் ஓட்டுக்கு அடியில் உப்புக் கடல் இருப்பது ஏறத்தாழ உறுதி. வியாழனின் காந்தப்புலம் மாறமாற, யூரோப்பாவுக்குள் மின்னோட்டம் தூண்டப்பட்டு ஒரு எதிர்க் காந்தப்புலம் எழுவதை கலிலியோ விண்கலம் அளந்தது. மின்சாரம் கடத்தும் உப்புநீர் அடுக்கு இருந்தால்தான் அது பொருந்தும். பூமியின் கடல்கள் எல்லாம் சேர்ந்ததைவிட இரண்டு மடங்கு நீர் என்று மதிப்பிடுகிறார்கள். ஓட்டின் தடிமன் 10 கி.மீ.-ஆ 30 கி.மீ.-ஆ என்பது இன்னும் தீராத விவாதம். மேற்பரப்பில் நின்றால், ஒரே நாளில் சேரும் வியாழனின் கதிர்வீச்சு மனிதனைக் கொல்லப் போதும். ஆனால் அதே கதிர்வீச்சு ஐஸை உடைத்து ஆக்சிஜனையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் உண்டாக்குகிறது. அது ஓட்டைத் தாண்டிக் கடலுக்குள் இறங்கினால், வில்லன்ஸ் ஏரிக்குக் காற்றுக் குமிழி செய்வதை யூரோப்பாவுக்குக் கதிர்வீச்சு செய்யும். இறங்குகிறதா என்பதுதான் கேள்வி. ஹப்பிள் தொலைநோக்கியில் தெரிந்ததாகச் சொன்ன நீராவிப் பீச்சல்களை நான் சந்தேகக் கணக்கிலேயே வைத்திருக்கிறேன்.

என்செலடஸ் வேறு கதை. விட்டம் 500 கி.மீ. சொச்சம், யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத நிலவு. 2005-இல் காசினி விண்கலம் அதன் தென் துருவப் பிளவுகளிலிருந்து நீராவியும் ஐஸ் துகளும் விண்வெளிக்குப் பீய்ச்சுவதைக் கண்டது. உள்ளிருக்கும் கடல் தானாகவே மாதிரி எடுத்து வெளியே நீட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காசினி அந்தப் பீச்சலுக்குள்ளேயே புகுந்து பறந்தது. உப்பு இருந்தது. சூடான நீர் பாறையைத் தொட்டால் மட்டும் உருவாகும் மிக நுண்ணிய சிலிக்கா துகள்கள் இருந்தன. பெரிய கரிமச் சேர்மங்கள் இருந்தன. 2017-இல் ஹைட்ரஜன் இருப்பதை அறிவித்தார்கள், 2023-இல் பாஸ்பேட்டும் பட்டியலில் சேர்ந்தது. பாஸ்பேட் இல்லாமல் டிஎன்ஏ இல்லை, அதனால் அது சின்ன விஷயமில்லை. ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் தின்று மீத்தேன் விடும் நம் கடலடி நுண்ணுயிரி (ஆர்க்கியா வகை) ஒன்றை என்செலடஸ் போன்ற சூழலில் வைத்து வியன்னாவில் வளர்த்தும் காட்டினார்கள், 2018-இல்.

இவ்வளவும் இருந்தும் ஏன் தயக்கம்? பாறையும் நீரும் வினைபுரிந்தாலே மீத்தேனும் ஹைட்ரஜனும் வரும், அதற்கு உயிர் தேவையில்லை. இன்னொரு நெருடல், எங்கள் துறைக்காரர்கள் தேநீர் நேரத்தில் எழுப்புவது: பந்தியில் இலை நிறையச் சாப்பாடு தொடாமல் கிடக்கிறது என்றால், ஆட்கள் வந்தார்களா என்று சந்தேகம் வராதா? பூமியில் ஹைட்ரஜன் கிடைத்த இடத்தில் எல்லாம் யாராவது உட்கார்ந்து தின்றுகொண்டிருப்பார்கள். அங்கே அவ்வளவு மிஞ்சியிருப்பது, தின்ன ஆளில்லை என்பதற்கு அடையாளமாகவும் இருக்கலாம். ஆட்கள் குறைவு, சமையல் அதிகம் என்பதற்கும் அடையாளமாக இருக்கலாம். இரண்டு வாதங்களையும் என்னால் சமமாகவே வைத்து வாதாட முடியும்.

உங்கள் கேள்வியில் இருந்த ‘இருந்துதானே ஆக வேண்டும்’ என்பதில் எனக்கு உடன்பாடு இல்லாத இடம் இதற்கும் கீழே இருக்கிறது. நான் பிரித்தெடுத்த குளிர்ப் பாக்டீரியா ஒவ்வொன்றுக்கும் வெதுவெதுப்பான மண்ணிலோ கடலிலோ ஒரு சொந்தக்காரர் உண்டு. அண்டார்டிக் சூடோமோனாஸ் பாக்டீரியாவுக்கு நம் வயல் சூடோமோனாஸ் சித்தப்பா மகன் மாதிரி. அவை ஐஸுக்குள் பிறந்தவை இல்லை, வேறெங்கோ பிறந்து குடிபெயர்ந்து பழகிக்கொண்டவை. உயிர் ஒருமுறை தோன்றிவிட்டால் ஐஸுக்குள்ளும் குடியேறிவிடும் என்பதை அண்டார்டிகா சந்தேகமில்லாமல் நிரூபித்திருக்கிறது. தோன்றுமா என்ற கேள்வியை அது தொடக்கூட இல்லை. உயிர் எளிதாகத் தோன்றுவதா, கோடியில் ஒரு முறை நடப்பதா என்று கணிக்க நம் கையில் இருப்பது பூமி என்ற ஒரே ஒரு உதாரணம்தான். ஒரு முறை தாயம் விழுந்ததை வைத்து, தாயக்கட்டையில் எத்தனை பக்கம் என்று சொல்லச் சொன்னால் எப்படிச் சொல்வது?

நாசாவின் யூரோப்பா கிளிப்பர் விண்கலம் 2024 அக்டோபர் 14 அன்று புறப்பட்டது, 2030 ஏப்ரலில் வியாழனை அடைய வேண்டும். 49 முறை யூரோப்பாவை நெருங்கிப் பறக்கும்; ஓட்டின் தடிமன், கடலின் உப்பு, மேற்பரப்பின் வேதியியல் எல்லாம் அப்போது தெளிவாகும். உயிரைக் கண்டுபிடிக்கும் கருவி அதில் இல்லை, அதன் வேலையும் அதுவல்ல. அந்த இடம் குடியிருக்கத் தகுந்ததா என்று பார்த்துச் சொல்வது மட்டும்தான் வேலை. 2030-இல் தலைப்புச் செய்தி எப்படி வந்தாலும் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எதன்மேல் பந்தயம் கட்டுவேன் என்றும் கடைசியில் கேட்டிருந்தீர்கள். என்செலடஸ். அங்கே உயிர் இருக்க வாய்ப்பு அதிகம் என்று நான் நம்புவதால் இல்லை. துளை போட வேண்டியதில்லை என்பதால். மண்ணெண்ணெய் வேண்டாம், கொதிநீர் வேண்டாம், சுரண்ட பிளேடு வேண்டாம். சுத்தமான ஒரு கிண்ணத்தைப் பீச்சலுக்குள் நீட்டினால் போதும். அதன் பக்கத்திலேயே, பீச்சலைத் தொடாமல், மூடியபடி இன்னொரு கிண்ணமும் வைத்திருந்தால் நான் நிம்மதியாகத் தூங்குவேன். ஐரோப்பிய விண்வெளி முகமை 2040-களில் அனுப்ப நினைக்கும் பெரிய பயணத்துக்கு என்செலடஸையே முதல் இலக்காக அதன் நிபுணர் குழு 2024-இல் பரிந்துரைத்திருக்கிறது. அந்த மூடிய கிண்ணத்தில் என்ன இருந்தது என்று சொல்லாமல் திறந்த கிண்ணத்தைப் பற்றி மட்டும் யாராவது அறிவித்தால், நான் அப்போதும் தயங்குவேன்.